மூன்று டிஷ்ஷுக்கு இரண்டு வாய்

கூரையில் நின்று ஒருவர் "வந்திட்டா?" என்று கத்த, வீட்டுக்குள் நின்று இன்னொருவர் "இல்ல, இல்ல, இப்பதான் போனது!" என்று பதில் கத்திய காலத்தில் வளர்ந்தவர்கள் நாம். இன்றைய பிள்ளைகளுக்குப் படம் வரவில்லையென்றால் ஒரு முகச்சுளிப்போடு முடிந்துவிடுகிறது. நமக்கு அது ஒரு பின்னேரம் முழுக்க நடக்கிற வேலை. கழுத்து வலிக்கும், தொண்டை வற்றும், கடைசியில் யாராவது யாரையாவது ஏசுவார்கள். உங்கள் வீடுகளிலும் அப்படித்தான் இருந்திருக்கும். எங்கள் வீட்டில் அந்த ஏச்சு ஒரு பின்னேரத்தோடு முடியவில்லை. வயதாகிக்கொண்டு வருகிறது, சொல்லிவிடலாம் என்று பார்க்கிறேன். சொல்லத் தொடங்கினாலே எரிச்சல் வருகிறது. அது யார் மேல் வருகிற எரிச்சல் என்று மட்டும் இத்தனை காலமாகியும் எனக்குப் பிடிபடவில்லை.

கடல் வந்து எங்கள் பழைய வீட்டை அள்ளிக்கொண்டு போன பிறகு, கல்முனைக்குப் பின்புறம் வயல் பக்கமாக எங்களுக்கொரு வீடு கட்டித் தந்திருந்தார்கள். புதுச் சீமெந்து மணமும், மாரியில் முற்றத்துக்கு வந்துவிடுகிற வயல் தண்ணீரின் சேற்று மணமும் கலந்த வீடு. குளியலறைக்கு மேல் மட்டும் சின்னதாக ஒரு கொங்கிறீட் தட்டு. எங்கள் டிஷ்கள் நின்றது அங்கேதான்.

முதலாவது, இந்தியத் தமிழ்ச் சேனல்களுக்கானது. அது வானத்தை நேரே பார்த்து மல்லாந்து கிடக்கும். மழை பெய்தால் அதற்குள் தண்ணீர் நிற்கும். காகம் வந்து குளிக்கும். நானும் என் மூத்த சகோதரி ராத்தாவும் நாடகம் பார்த்தது அதில்தான். இரண்டாவது, உம்மாவுக்காக வாப்பா வைத்தது. மக்காவிலிருந்து நேரடியாக வரும் சேனலுக்காக அது மேற்கே சாய்ந்து, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும்.

உம்மாவுக்கு அந்தச் சேனல் பொழுதுபோக்கு இல்லை. கடல் வந்த நாளில் என் தம்பி உம்மாவின் கையிலிருந்துதான் போனான். அதற்குப் பிறகு உம்மாவுக்குத் தூக்கம் என்பது இல்லாமல் போய்விட்டது. கஃபாவைச் சுற்றி வரும் சனத்தைப் பார்த்துக்கொண்டு, அந்த ஓதலைக் கேட்டுக்கொண்டு, பாயில் சரிந்தால் மட்டும் கொஞ்சம் கண் அயர்வா. அதைக் கண்டுபிடித்தது வாப்பாதான். கண்டுபிடித்ததும் யாரிடமும் சொல்லாமல் டிஷ் வாங்கிக்கொண்டு வந்து நிறுத்தினார். "உம்மாட டிஷ்ல ஆரும் கை வெக்கப்படாது" என்பது அன்றையிலிருந்து வீட்டுச் சட்டம்.

ஒரு டீவி, ஒரு ரிசீவர், இரண்டு டிஷ். இரண்டையும் ஒன்றாக்க ஒரு சுவிச் வேண்டும். நம் வயதுக்காரர்கள் எல்லாரும் கண்டிருப்பீர்கள். தீப்பெட்டி அளவில் ஒரு தகரப் பெட்டி. ஒரு பக்கம் ரிசீவருக்கு ஒரு வாய், மற்றப் பக்கம் டிஷ்களுக்கு இரண்டு வாய். டோன் சுவிச் என்பார்கள். ரிசீவர் கேபிளுக்குள் ஒரு மெல்லிய துடிப்பை அனுப்பும். துடிப்பு வந்தால் சுவிச் ஒரு டிஷ்ஷுக்குத் திரும்பும், வராவிட்டால் மற்றதற்கு. அவ்வளவுதான் அதற்குத் தெரியும். இதையெல்லாம் நான் வெகுகாலத்துக்குப் பிறகு படித்து அறிந்தேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் யாருக்கும் இது தெரியாது. வாப்பாவுக்குத் தெரியும் என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

மூன்றாவது டிஷ் வந்தது யுத்தம் முடிகிற வருடத்தின் தொடக்கத்தில்.

எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் தமிழ் ஆட்களின் குறிச்சி. வேலியோடு ஒட்டிய முதல் வீட்டில் டீச்சர் தனியாக இருந்தார். என்னையும் ராத்தாவையும் படிப்பித்தவர். அவருடைய ஒரே மகன் வன்னியில் கலியாணம் முடித்து அங்கேயே ஆஸ்பத்திரியில் வேலை செய்துகொண்டிருந்தார். சண்டை இறுகி அந்தப் பக்கத்துத் தொலைபேசிகளெல்லாம் செத்துப்போன பிறகு, டீச்சருக்கு மிச்சமிருந்தது வெளிநாட்டிலிருந்து வரும் ஒரு தமிழ்ச் செய்திச் சேனல் மட்டும்தான். அதில் காட்டும் சனத்துக்குள் மகனின் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்து, "இந்த டிஷ்ல என்ன பாக்கிறீங்க?" என்று டீச்சரிடம் கேட்டுவிட்டுப் போனார்கள். யார் அவர்கள் என்று கேட்க முடியாத காலம். அன்று பின்னேரமே டீச்சர் டிஷ்ஷைக் கழற்றிக் கோழிக்கூட்டுக்குள் வைத்துச் சாக்கால் மூடினார். மறுநாள் வேலியடியில் நின்று உம்மாவைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, உங்கட வீட்டுல ஏற்கெனவே ரெண்டு நிக்குது. மூண்டாவதா ஒண்டு நிண்டா ஆரும் பாக்க மாட்டாங்க. என்ட டிஷ்ஷயும் அங்க வெக்கலாமா? பின்னேரத்தில கொஞ்ச நேரம் வந்து பாத்திட்டுப் போயிருவன்."

உம்மா யோசிக்கவேயில்லை. "வாங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டா.

வாப்பா கடையிலிருந்து வந்ததும் வீடு இரண்டுபட்டது.

வாப்பாவுக்கு ஒரு தம்பி இருந்தார், எங்கள் சாச்சா. பல வருடங்களுக்கு முன் நெல் ஏற்ற லொறியில் போனவரை வழியில் ஆயுதக்காரர்கள் இறக்கிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. மையித்துக்கூடக் கிடைக்கவில்லை. டீச்சர் பார்க்கிற சேனல் அந்த ஆட்களின் குரல் என்று வாப்பா நினைத்தார்.

"அந்தக் குரல் என்ட வீட்டுக்குள்ள கேக்கப்படாது" என்றார்.

"டீச்சர் குரல் கேக்க வரல்ல. மகனத் தேடி வாறா."

"என்ட தம்பிய நான் எதில தேடின?"

உம்மா குரலை உயர்த்தாமல் சொன்னா: "நம்மட மகன ஆரு மூடினது? சொல்லுங்க."

கடல் வந்த மறுநாள் மையித்துகளைப் பள்ளிக்கூடத்து மண்டபத்தில் கிடத்தியிருந்தார்கள். வாப்பா கடற்கரையெல்லாம் தேடித் திரிந்துகொண்டிருந்தபோது, டீச்சர்தான் அந்த வரிசைக்குள் தம்பியை அடையாளம் கண்டது. தன் சேலைத் தலைப்பைக் கிழித்து அவனை மூடிவிட்டு, வாப்பா வந்து சேரும்வரை பக்கத்திலேயே இருந்தாராம்.

மறுநாள் விடிந்ததும் வாப்பா டீச்சரின் கோழிக்கூட்டிலிருந்து டிஷ்ஷைத் தானே தூக்கிக்கொண்டு வந்து தட்டில் ஏற்றினார். தூவல் ஒட்டியிருந்த அதைப் பழந்துணியால் துடைத்ததும் அவர்தான்.

இனிச் சுவிச். அதை வாங்க என்னையும் கூட்டிக்கொண்டு பஸாருக்குப் போனார். வாப்பாவுக்கு இரும்புக்கடை. ஆணி, பைப்பு, பூட்டு எதையும் கையில் வைத்துப் பாரம் பார்த்துத்தான் நல்லது கெட்டது சொல்வார். டீவிக் கடைக்காரர் வெள்ளை பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார்.

"மூண்டு டிஷ் எண்டா இதுதான் முதலாளி. நாலு வாய் டைசெக் சுவிச். ரிசீவர்ல ஒவ்வொரு டிஷ்ஷுக்கும் ஒரு நம்பர் குடுக்கணும். செட்டிங்க நான் காட்டித் தாறன்."

வாப்பா அதைக் கையில் வைத்துப் பார்த்தார். கோழி இறகு போல இருந்தது.

"இது கடல் காத்துக்கு நிக்குமா? நம்மட்ட இரிக்கிற தகரப் பெட்டி ரெண்டு வருசமா நிக்கிது. அதில இன்னொண்டு தாங்க. ஒண்டுக்குப் பின்னால ஒண்டு கொழுவினா மூண்டு வாய் வந்திரும்தானே?"

"அது சரிவராது முதலாளி..."

"ஏன் சரிவராது?"

கடைக்காரர் விளக்கத் தொடங்கினார். இடையில் வேறு ஆட்கள் வந்தார்கள். வாப்பா "ஓம், ஓம், விளங்குது" என்று தலையாட்டினார். அப்படித் தலையாட்டிக்கொண்டே தகரப் பெட்டியை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அது ஏன் சரிவராது என்று உங்களுக்குச் சொல்கிறேன். அன்றைக்கு யாராவது எங்களுக்கு நிதானமாக இதைச் சொல்லியிருக்கக் கூடாதா என்று எத்தனையோ தடவை ஆத்திரப்பட்டிருக்கிறேன். வாப்பா முதல் சுவிச்சின் ஒரு வாயில் இந்திய டிஷ்ஷை விட்டார். மற்ற வாயில் இரண்டாவது சுவிச்சைக் கொழுவினார். இரண்டாவது சுவிச்சின் ஒரு வாயில் டீச்சருடையது, மற்றதில் உம்மாவுடையது. துடிப்பு இல்லாவிட்டால் இந்தியா வரும். துடிப்பு வந்தால் முதல் சுவிச் திரும்பி இரண்டாவதுக்கு வழி விடும். ஆனால் அதே துடிப்பு இரண்டாவது சுவிச்சுக்கும் போய்விடும். அதுவும் கூடவே திரும்பி உம்மாவின் டிஷ்ஷில் போய் நிற்கும். டீச்சருடைய வாய்க்கு எந்தக் காலத்திலும் வழி திறக்காது. டிஷ்ஷை எந்தத் திசைக்குத் திருப்பினாலும் திறக்காது.

எங்களுக்கு அது தெரியாது. சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய அந்தக் கிழமைகள் முழுவதும் வாப்பா கடையை நேரத்தோடு பூட்டிவிட்டு வந்து ஏணியில் ஏறினார். வெயில் தட்டில் அனலாய்க் கொதிக்கும். கேபிளின் செப்புக் கம்பியைப் பிளேடால் சுரண்டுவார். டிஷ்ஷை ஒரு நூலளவு தூக்குவார், ஒரு நூலளவு தாழ்த்துவார். தென்னோலை மறைக்கிறது என்று மரத்துக்கு ஆள் ஏற்றி ஓலை வெட்டினார். டிஷ்ஷின் வாய்ப்பகுதியைக் கழற்றிப் புதிது போட்டார். உள்ளே டீச்சர் கதவோரத்துப் பிளாஸ்டிக் கதிரையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, நீலத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். "சிக்னல் இல்லை" என்ற எழுத்து ஒரு மூலையிலிருந்து மற்ற மூலைக்கு மெதுவாக நகரும்.

"வந்திட்டா?"

"இல்ல வாப்பா."

"இப்ப?"

"இல்ல."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்கடி!"

"இல்லாததுக்கு எத்தின தரம் இல்லெண்டு சொல்ற!" என்று ராத்தா ஒரு நாள் கத்திவிட்டு அழுதாள். எங்கள் நாடகம் போய்விட்டது என்பது அவளுக்குக் கவலை. எனக்கோ டீச்சரைப் பார்க்கவே முடியவில்லை. வகுப்பில் ஒரு பிள்ளைக்குக் கணக்கு வராவிட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பாரே, அப்படி இருந்தார். ஒரு நாளும் குறை சொல்லவில்லை. மஃரிபுத் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் எழுந்து, "நாளைக்குப் பாப்பம், தங்கச்சி" என்று போய்விடுவார்.

அவர் போனதும் உம்மா ரிமோட்டை அழுத்துவா. மக்கா பளிச்சென்று வரும். அந்த வெளிச்சத்தில் உம்மாவின் முகம் சுருங்கிப்போகும்.

உம்மாவுக்குச் சந்தேகம் விழுந்தது அப்படித்தான். இந்தியா வருகிறது, மக்கா வருகிறது, டீச்சருடையது மட்டும் வரவில்லை. "அந்தக் குரல் என்ட வீட்டுக்குள்ள கேக்கப்படாது" என்று சொன்ன மனிதர் கொழுவிய சுவிச். உம்மா அதை வாயால் கேட்கவில்லை. வாப்பாவோடு கதைப்பதைக் குறைத்துக்கொண்டா.

புத்தாண்டு கழிந்து ஒரு பின்னேரம். மேற்கேயிருந்து வீசும் கச்சான் காற்று அவ்வருடம் நேரத்தோடு கிளம்பியிருந்தது. டிஷ்கள் விசிலடித்துக்கொண்டு நடுங்கின. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்து, சனம் ஆயிரக்கணக்கில் தண்ணீருக்குள்ளால் நடந்து வெளியே வருகிறதாம், டீவியில் காட்டுகிறானாம் என்று டீச்சரிடம் சொல்லியிருந்தார். டீச்சர் செருப்பில்லாமல் ஓடி வந்தார். திரையில் அதே நீலம். வாப்பா மேலே நின்று "வந்திட்டா?" என்றார்.

உம்மா எழுந்தா. முக்காட்டை இடுப்பில் சொருகிக்கொண்டு, எங்களையெல்லாம் தள்ளிவிட்டு ஏணியில் ஏறினா. உம்மா ஏணியில் ஏறி நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

"நீ என்னத்துக்கு ஏறுறாய்? விழப்போறாய்!" என்றார் வாப்பா.

"தள்ளுங்க."

உம்மாவுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: தன்னுடைய வாய் வேலை செய்கிறது. தன் டிஷ்ஷின் கேபிளைச் சுழற்றிக் கழற்றி வீசினா. டீச்சருடைய கேபிளைப் பிடுங்கி அந்த வாயில் திருகினா.

"அது உன்ட டிஷ்!" என்றார் வாப்பா. "அதில கை வெக்காத, மறுகா நீ எப்பிடித் தூங்குவாய்?"

உள்ளே திரை விழித்துக்கொண்டது. நானும் ராத்தாவும் ஒரே குரலில் கத்தினோம்: "வந்திட்டு! வந்திட்டு!"

உம்மா மேலே நின்றபடி வாப்பாவைப் பார்த்துச் சொன்னது கீழே வரை கேட்டது: "இவ்வளவுதான் வேல. இதச் செய்ய உங்களுக்கு மனமில்ல. அந்த மனிசியப் பதைக்கப் பதைக்க இருத்தி வெச்சீங்க."

வாப்பா கையிலிருந்த குறட்டை மடக்கிப் பைக்குள் போட்டார்.

திரையில் தண்ணீர் தெரிந்தது. இடுப்பளவுத் தண்ணீருக்குள் பை, பானை, பிள்ளை, கிழவர் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு சனம் வந்துகொண்டேயிருந்தது. கடல் வந்த நாளைக் கண்ட எங்களுக்கு அதைப் பார்க்க முடியவில்லை. டீச்சர் மட்டும் கதிரையை விட்டு இறங்கி, திரைக்கு முன்னால் முழங்காலில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். வெகுநேரத்துக்குப் பிறகு திரையில் விரலை வைத்தார்.

"இது என்ட மருமகள். கையில இருக்கிறது பேரன்."

சொல்லி முடிப்பதற்குள் அந்த முகம் போய்விட்டது. "திரும்பக் காட்டச் சொல்லுங்க" என்று என்னைப் பார்த்தார், நான் ஏதோ செய்ய முடியும் என்பது போல. அந்தக் காட்சி பிறகு வரவேயில்லை. அவளுக்குப் பக்கத்தில் மகன் நின்றாரா என்பதை யாரும் கவனித்திருக்கவில்லை.

சில கிழமைகளில் யுத்தம் முடிந்தது. பஸாரில் வெடி கொளுத்தினார்கள், பாற்சோறு கொடுத்தார்கள். டீச்சர் வீட்டு ஜன்னல்கள் பூட்டியிருந்தன.

மருமகளும் பேரனும் வவுனியாவில் முட்கம்பி போட்ட முகாமில் இருக்கக்கூடும் என்று தெரிந்ததும், டீச்சரைக் கூட்டிக்கொண்டு போனது வாப்பாதான். கடை லொறியில் போனார்கள். முதல் தடவை வெயிலில் நாள் முழுக்க நின்று, உள்ளே விடாமல் திருப்பி அனுப்பப்பட்டார்கள். இரண்டாம் தடவை கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பெயரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, அந்தப் பக்கத்தில் மருமகளைக் கண்டார்கள். அந்தச் சத்தத்துக்குள் ஒரு வார்த்தையும் ஒழுங்காகக் கேட்கவில்லையாம். வாப்பாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

உம்மா அதையும் நம்பவில்லை. "குத்தம் குறுகுறுக்குது, அதான் ஓடித் திரியிறார்" என்று ராத்தாவிடம் சொன்னா. வாப்பா ஒருபோதும் மறுத்துப் பேசவில்லை. கடைசியில் அந்த நாலு வாய் சுவிச்சை வாங்கி வந்து கடைக்காரரைக் கொண்டே போடுவித்தார். மூன்றும் வந்தன. உம்மா மக்காவைப் போடவில்லை. வெறும் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தா.

மாரி தொடங்கிய பிறகுதான் மருமகளையும் பேரனையும் விட்டார்கள். வந்து இறங்கிய கையோடு டீச்சர் அவர்களை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தார். மெலிந்து, தலைமுடி கொட்டிப்போயிருந்த அந்தப் பெண் உம்மா கொடுத்த தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தாள். வாப்பா வாசற்படியில், மழை விடட்டும் என்று நின்றார்.

"மாமி, நீங்க டீவில எங்களக் கண்டதெண்டு சொன்னீங்க" என்றாள் அவள். "அப்ப அவரயும் கண்டிருப்பீங்களே?"

"அவன் உங்களோட வரல்லயா?"

"இல்ல மாமி. வருசப் பிறப்புக்கு முதலே காயப்பட்டவங்களக் கப்பல்ல ஏத்தினாங்க. அவங்களோட அவரயும் ஏத்தினாங்க, அவருக்கும் கால்ல காயம். கமரா வெச்சு எடுத்தாங்க. நான் கண்ணால கண்ட. ஏறினவங்க எல்லாரயும் எடுத்தாங்க. அதுக்குப் பிறகு அவர எந்த ஆஸ்பத்திரியிலயும் இல்லெண்டுறாங்க. நீங்க டீவில கண்டிருந்தா, ஏறினத்துக்கு நீங்களும் ஒரு சாட்சி எண்டு நினைச்சன்."

"அந்த நாள்ல இஞ்ச படம் வரல்ல, பிள்ள" என்றார் டீச்சர்.

மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. உம்மா வாப்பாவைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்தா.

"டீச்சர்" என்றார் வாப்பா. "நான் வேணுமெண்டு செய்யல்ல. அந்த சுவிச் எப்பிடி வேல செய்யிற எண்டு எனக்கு விளங்கல்ல. கடைக்காரன் சொன்ன. நான் விளங்கின மாதிரித் தலையாட்டின. அவ்வளவுதான். அல்லா அறிய, அவ்வளவுதான்."

உம்மா நிமிர்ந்து பார்த்தா. இத்தனை மாதமும் கல்நெஞ்சன் என்ற பேரைச் சுமந்துகொண்டு திரிந்த மனிதருக்கு, விளங்கவில்லை என்று ஒரு சொல் சொல்வது அதைவிடப் பாரமாக இருந்திருக்கிறது.

"அப்ப அண்டைக்கே ஏன் முதலாளி சொல்லல்ல?" என்று கேட்டார் டீச்சர். கோபமாகக் கேட்கவில்லை. ஒரு பிள்ளையிடம் கேட்பது போலவே கேட்டார். "விளங்கல்ல எண்டு சொல்லியிருந்தா, நானே போய் அந்தக் கடைக்காரனக் கையோட கூட்டி வந்திருப்பனே."



டீச்சரின் மகன் பிறகு வரவேயில்லை. கப்பலில் ஏறியதைக் கண்டவர் என்று மனைவியைத் தவிர வேறு யாரும் கிடைக்கவுமில்லை. ஆனால் இதெல்லாம் பிறகு, வருடக்கணக்காகத் தெரிந்துகொண்டது.

அன்றைக்கு டீச்சர் எழுந்து, பேரனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, மருமகளோடு மழைக்குள் இறங்கினார். வாப்பா குடையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார். வேலியடியில் போய் எட்டிப் பிடித்தார். டீச்சர் திரும்பிப் பார்த்தார். குடையை வாங்கிப் பேரனுக்கு மேல் பிடித்துக்கொண்டு நடந்தார். வாப்பா வேலியைப் பிடித்தபடி, அவர்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்தும்வரை, நனைந்துகொண்டு அங்கேயே நின்றார்.